கல்யாண வீடியோவுக்கு நான் எழுதிய பாட்டுப் பட்டியல்

என் வயதுக்காரர்களே, மன்னித்துவிடு, மறந்துவிடு என்று இப்போது நமக்குப் புத்தி சொல்லாத ஆளில்லை. சீனி வருத்தத்துக்கு மருந்து எழுதுகிற டொக்டரும் சொல்கிறார், கோயிலில் பிரசங்கம் பண்ணுகிறவரும் சொல்கிறார். மனதில் கோபம் வைத்திருந்தால் பிரஷர் ஏறுமாம். எனக்குப் பிரஷருக்கு மாத்திரை இருக்கிறது, அது போதும். பன்னிரண்டு வயதுச் சிறுமியாக இருந்தபோது நான் ஒரு பழி வாங்கினேன். கத்தி எடுக்கவில்லை, கல் எறியவில்லை. ஒரு கொப்பித் தாளும் பேனையும் போதுமாக இருந்தது. அதற்காக இன்றுவரை நான் ஒரு சாமியிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்திலிருந்து கொஞ்சத் தூரத்தில், மெயின் ரோட்டை விட்டு ஏறுகிற ஒழுங்கையில் இருந்தது பெரியப்பாவின் வீடு. அவருக்குக் கண்டி டவுனில் புடவைக் கடை. அவருடைய தம்பியான என் அப்பாவுக்கு அந்தக் கடையில்தான் வேலை. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் அந்த வீட்டின் பின்னறையில் இருந்தோம். எல்லோருக்கும் இளையவரான சித்தப்பாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. வீட்டை ஆண்டது பெரியம்மா.

அப்பா முன்பு தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஒபீசில் கிளார்க்காக இருந்தவர். அம்மா அந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுத்த பெண். வீட்டில் எல்லோரும் தலைகீழாக நின்றும் கேட்காமல் அப்பா அவளைக் கட்டிக்கொண்டார். இரண்டு வருடம் அவர்களை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. நான் பிறந்த பிறகுதான் பின்னறை கிடைத்தது. இந்தக் கதையை நான் படங்களில் பார்த்த கதைகளோடு வைத்துப் பார்ப்பேன். குடும்பத்தை எதிர்த்து ஏழைப் பெண்ணைக் கட்டுகிறவன்தானே கதாநாயகன்? எங்கள் அப்பாவுக்குச் சண்டை போட மட்டும்தான் தெரியாது, மற்றதெல்லாம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

பெரியம்மாவின் டீவியை உங்களில் யாராவது பார்த்திருந்தால் மறந்திருக்கமாட்டீர்கள். அது ஒரு மர அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரிக்கு இரண்டு கதவு, கதவுக்குப் பூட்டு, திறப்பு பெரியம்மாவின் இடுப்பில். திறந்தால் முதலில் பின்னல் வேலை செய்த வெள்ளைத் துணி. அதை மடித்து வைத்த பிறகுதான் டீவி. அதற்குக் கீழ்த் தட்டில் வீடியோ டெக், அதற்குக் கீழே கெசட்டுகள். டெக் சூடாகும்போது வருகிற ஒரு மணம் உண்டு, புது ரப்பரும் தூசியும் கலந்தது. அந்த மணம் வந்தால் எனக்குப் பசி எடுக்கும். படம் போடுகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில்தான் வீட்டில் கோழிக்கறி.

கெசட் போட்டதும் எல்லோருக்கும் இடம் உண்டு. பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் மெத்தை போட்ட கதிரைகள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பிரம்புக் கதிரைகள். பெரியம்மாவின் மகளான அக்காவும் நானும் பாயில். அம்மா குசினி வாசலில் நிலையில் சாய்ந்துகொண்டு நிற்பாள். உட்காரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் "வா, உக்காரு" என்றும் யாரும் சொன்னதில்லை. படம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்துப் பெரியம்மா திரும்பாமலே சொல்வாள்: "ஒரு பிளேன்டீ போட்டா என்ன?" அம்மா உள்ளே போவாள். தேத்தண்ணீரோடு திரும்பி வரும்போது கதாநாயகி செத்துக் கிடப்பாள், எப்படிச் செத்தாள் என்று அம்மாவுக்குத் தெரியாது.

மறுநாள் அம்மா பாத்திரம் கழுவும்போது நான் பக்கத்தில் குந்தியிருந்து விட்டுப்போன இடங்களைச் சொல்வேன். "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே சட்டி தேய்ப்பாள். பாட்டையும் பாடிக் காட்ட வேண்டும். அதனால் அக்காவின் டேப் ரெக்கோடரில் இருந்த கெசட்டுகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். எந்தக் கெசட், எந்தப் பக்கம், எத்தனையாவது பாட்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இந்த அறிவு பிற்பாடு எனக்கு நன்றாக உதவியது.

காமிக்ஸும் உதவியது. அக்கா படித்துத் தள்ளிவிடுகிற காமிக்ஸ் புத்தகங்கள் அட்டை இல்லாமல், மூலை சுருண்டு எனக்கு வந்து சேரும். கறுப்பு மையும் மலிவான தாளும் மணக்க மணக்கப் படிப்பேன். அதில் நான் கற்றது ஒன்றுதான். வில்லன்கள் எல்லோரும் தோற்பதற்கு ஒரே காரணம், கட்டிப்போட்டிருக்கிற கதாநாயகனிடம் திட்டத்தை முழுக்கச் சொல்லிவிடுகிறார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் முக்கால்வாசிப் பேர் ஜெயித்திருப்பார்கள்.

சித்தப்பாவுக்குக் கொழும்பில் பெண் பார்த்தார்கள். பெரிய இடம். பெரியம்மாவின் நடையே மாறிவிட்டது. கல்யாணம் ஆவணியில், கண்டியில் ஒரு மண்டபத்தில். அம்மா ஒரு கிழமை, ஏழு நாளும், எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் இருந்தாள். முறுக்கும் அதிரசமும் தகர டின் தகர டின்னாக நிறைந்தன. அப்பா அவளுக்குக் கடையிலிருந்து ஒரு பச்சைப் புடவை கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதை உடுத்திக்கொண்டு எங்கள் அறைக் கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்தாள். கண்ணாடி சின்னது. கழுத்துவரை ஒரு தரம், இடுப்புவரை ஒரு தரம், குனிந்து கரையை ஒரு தரம் என்று பார்த்தாள்.

"வீடியோவுல முழுசாத் தெரியும்மா" என்றேன்.

"ஆமா, நாங்கூட டீவியில வரப்போறேன்" என்று சிரித்தாள்.

மண்டபத்தில் சீர்த் தட்டு ஏந்திக்கொண்டு பெண்கள் வரிசையாக வந்தார்கள். முதலில் பெரியம்மா. அம்மா ஏழாவது. வீடியோக்காரர் பின்பக்கமாக நடந்துகொண்டே எடுத்தார். அவருடைய ஆள் பெரிய லைட்டைத் தூக்கிப் பிடித்திருந்தான். அந்த வெளிச்சம் பட்டால் யார் முகமும் நடிகை முகமாகிவிடும். வரிசை கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் பெரியம்மா வீடியோக்காரரின் காதில் ஏதோ சொன்னதை நான் பார்த்தேன். ஆறாவது தட்டு போனது. அம்மா வெளிச்சத்துக்குள் கால் வைக்கப் போனாள். லைட் அணைந்தது. வீடியோக்காரர் கெமராவைக் கீழே இறக்கிக்கொண்டு ஒயரைச் சரிபார்ப்பதுபோல் நின்றார். அம்மா கடந்து போனாள். எட்டாவது தட்டுக்கு லைட் மறுபடி எரிந்தது.

அம்மா என்னைப் பார்க்காமல் தட்டைக் கொண்டுபோய் மணவறை ஓரத்தில் வைத்தாள். பிறகு சமையல் கட்டுப் பக்கம் போய்விட்டாள். பெரியம்மா முன்வரிசையில் உட்கார்ந்து கழுத்து அட்டியலைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அந்த இடத்திலேயே, தாலி கட்டுகிற மேளம் முழங்கும்போது, நான் முடிவெடுத்தேன். என்ன செய்வது என்று தெரியாது. செய்வேன் என்று மட்டும் தெரியும்.

அந்தக் கால வீடியோவில் ஒரிஜினல் சத்தம் கிடையாது என்பது உங்களுக்கு ஞாபகமிருக்கும். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு சினிமாப் பாட்டைப் பின்னால் ஓட்டுவார்கள். எங்கள் வீடியோக்காரர் சிங்களவர். நல்ல மனிதர், கையும் சுத்தம். ஆனால் தமிழ்ப் பாட்டு ஒன்றும் அவருக்கு விளங்காது. அதனால் தமிழ்க் குடும்பங்கள் தங்கள் கெசட்டுகளை அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு பட்டியல். காட்சி, பாட்டு, அதற்கு நேரே கெசட் நம்பர், பக்கம், எத்தனையாவது பாட்டு. அவர் பார்ப்பது நம்பரை மட்டும்தான்.

வீட்டிலேயே முத்து முத்தாக எழுதுவது நான். பெரியம்மா கதிரையில் சாய்ந்துகொண்டு சொல்லச் சொல்ல எழுதினேன். தான் தட்டோடு வருகிற இடத்துக்கு மகாராணி பவனி வருகிற பாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அதை இரண்டு தரம் போட்டுக் கேட்டாள், கண்ணை மூடித் தலையாட்டினாள். நான் பாட்டின் முதல் அடியை அழகாக எழுதினேன். நேரே நம்பரும் எழுதினேன். அந்த நம்பரில் இருந்தது வேறு பாட்டு. ஒரு படத்தில் எருமை ஒன்றைச் சந்தைக்கு ஓட்டிவந்து, அதன் பல்லைப் பிடித்துப் பார்த்து, இது எத்தனை படி பால் கறக்கும், எத்தனை வருடம் தாங்கும் என்று நாலு பேர் கேலி பண்ணிப் பாடுகிற பாட்டு. அந்த வருடம் அதைப் பாடாத பிள்ளை கட்டுகஸ்தோட்டையில் இல்லை.

பெரியம்மா பட்டியலை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தாள். "எழுத்து நல்லா இருக்கு. அப்பன் மாதிரி" என்றாள். நம்பரை யார் பார்க்கப் போகிறார்கள்?

அப்பாவும் நானும் பஸ்ஸில் டவுனுக்குப் போனோம். கெசட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மடியில் வைத்திருந்தேன். படியேறிப் போகிற சின்ன அறையில் வீடியோக்காரர் இரண்டு டீவிக்கு முன்னால் இருந்தார். பட்டியலில் விரல் வைத்து நம்பர்களைப் பார்த்தார். "ஹரி நங்கி, நம்பர் எல்லாங் சரிதானே? பொறகு மாத்த ஏலாது" என்று, தங்கச்சி என்பதைச் சிங்களத்திலேயே வைத்து, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"எல்லாம் சரி" என்றேன். அப்பா என் தலையைத் தடவினார். திரும்பி வரும்போது எனக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். பழிவாங்கப் போகிறவளுக்கு அது என்ன ருசியாக இருந்தது என்று நினைக்கிறீர்கள்! ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. அம்மாவிடம்கூட.

கல்யாண வீடியோக் கெசட் டிசம்பர் லீவில்தான் வந்தது. பெரியம்மாவின் அவசரத்தைப் பாருங்கள், நாங்கள் பார்ப்பதற்கு முன்பே மூன்று கொப்பி அடிக்கச் சொல்லி, ஒன்றைக் கொழும்புச் சம்பந்திகளுக்கும், இரண்டை வெளிநாட்டுச் சொந்தங்களுக்கும் அனுப்பியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒழுங்கையில் இருந்தவர்களையும் கூப்பிட்டிருந்தாள். வெளியே மழைத் தூறல். முன்னறை நிறைய ஆட்கள், ஈரக் குடைகள், வெற்றிலை மணம். அம்மா வழக்கம்போல் குசினி வாசலில்.

பிள்ளையாரில் தொடங்கியது. மண்டபம், வாழை மரம், மேளக்காரர்கள். பிறகு பெரியம்மா வந்தாள். பட்டும் அட்டியலும் மின்ன, தட்டை ஏந்திக்கொண்டு, தங்கப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நேரே கெமராவைப் பார்த்து வந்தாள். எருமைப் பாட்டு தொடங்கியது. பல்லைப் பார்க்கிற அடி சரியாக அந்தச் சிரிப்பின் மேல் விழுந்தது. இதை நான் திட்டமிடவில்லை, சாமியே கூட நின்று செய்து கொடுத்தது.

முதலில் சித்தப்பாதான் வாயைப் பொத்தினார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்குப் புரையேறியது. அதன் பிறகு அறையே சிரித்தது. குடையைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் குனிந்து குனிந்து சிரித்தார்கள். நான் பெரியம்மாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டும் வீணாக்காமல் பார்த்தேன்.

"அந்த வீடியோக்காரன் பண்ணின வேல!" என்று கத்தினாள்.

கெசட் பெட்டிக்குள் பட்டியலைத் திருப்பி வைத்திருந்தார் வீடியோக்காரர். பெரியப்பா அதை எடுத்து, அக்காவின் கெசட் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "அவன் சரியாத்தான் போட்டிருக்கான். நம்பர எழுதினது யாரு?" என்றார். சிரிப்பு நின்றது. டெக்கை நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. படம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பெரியம்மா என்னைப் பார்க்கவில்லை. குசினி வாசலைப் பார்த்தாள். "இது சின்னப் புள்ள புத்தியில்ல. ஒன் வேலதானே? சோறு போட்ட வீட்டுக்கு நல்லாச் செஞ்சிட்ட!"

அம்மாவுக்கு நடந்தது அப்போதுதான் விளங்கியது. என்னை ஒரு தரம் பார்த்தாள். "ஆமாக்கா. நாந்தான் சொல்லிக் குடுத்தேன். புள்ளய ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள்.

காமிக்ஸ் பாடம் எல்லாம் அந்த நிமிடத்தில் பறந்துவிட்டது. பாயிலிருந்து எழும்பிக் கத்தினேன். "அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது! நாந்தான் செஞ்சேன். நீங்கதானே அம்மாவ எடுக்க வேணாம்னு வீடியோக்காரர்கிட்ட சொன்னீங்க? நீங்கதானே லைட்ட அணைக்கச் சொன்னீங்க?"

பெரியம்மாவுக்குக் கோபம் ஒரு கணம் நின்றுவிட்டது. உண்மையாகவே திகைத்துப்போனாள். "நானா? நான் என் அட்டியல நல்லா எடுன்னு சொன்னேன். அவ்வளவுதான். லைட்ட அணைக்கச் சொன்னது நானில்ல." அவள் விரலை நீட்டினாள். "அந்தா ஒங்கப்பா இருக்காரு, கேளு. கொழும்பு ஆளுங்க கெசட் பாப்பாங்க, பாத்தா தோட்டத்து ஆளுன்னு தெரிஞ்சிரும், அவள விட்டுட்டு எடுன்னு சொன்னது அவருதான். என் காதால கேட்டேன். நான் அப்பிடியாப்பட்டவளா இருந்தா தட்டே குடுத்திருக்கமாட்டேனே!"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா பிரம்புக் கதிரையில் இருந்தார். இல்லை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். எழும்பி நின்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை. அவர் டீவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் நான் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பட்டியலில் நான் மாற்றியது ஒரு நம்பர் இல்லை, இரண்டு. மாப்பிள்ளையை அண்ணன்மார் அழைத்துவருகிற காட்சிக்குப் பெரியம்மா வெறும் நாதஸ்வரம் போதும் என்றிருந்தாள். எனக்கு மனம் கேட்கவில்லை. என் அப்பா வருகிற காட்சியல்லவா? கதாநாயகன் ஊர் எல்லையில் வந்து இறங்கும்போது, ஏழைகளுக்கு நான் இருக்கிறேன் என்று கைவீசிப் பாடுகிற பாட்டின் நம்பரை அங்கே எழுதியிருந்தேன்.

அந்த நேரத்தில் அது தொடங்கியது. திரையில் அப்பா பட்டு வேட்டியும் மாலையுமாகப் படியேறி வந்தார். முழு வெளிச்சமும் அவர் மேல். கூட்டம் சேர்ந்து பாடியது, முரசு அடித்தது. திரைக்கு முன்னால் அதே அப்பா கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

"எனக்குத் தெரியும்க்கா" என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. "லைட்ட அணைக்கச் சொல்லி அவரு கை காட்டினத அன்னைக்கே பாத்தேன்."

அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணீர்க் கோப்பைகளின் சத்தம் கேட்டது. வந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டுமே.

கெசட்டைத் திருத்த முடியவில்லை. வீடியோக்காரர் மூலக் கெசட்டில் வேறு கல்யாணம் எடுத்துவிட்டிருந்தார். பெரியம்மாவின் எருமை ஊர்வலம் கொழும்பிலும் வெளிநாட்டிலும் நன்றாக ஓடியது என்று கேள்விப்பட்டேன். அடியும் வாங்கினேன், பெரியம்மா கையால், விறகுக் கட்டையால். அதற்கு எனக்கு வருத்தமில்லை. அவள் செய்யாத குற்றத்துக்கு அவள் பட்டாள், ஆனால் அம்மாவை வருடக்கணக்கில் நிற்க வைத்ததற்கு அது வட்டிக்கும் காணாது. சாகும்வரை அவள் என்னை வெறுத்தாள், நானும் அவளை வெறுத்தேன், வெளிப்படையாக. அதில் ஒரு நேர்மை இருந்தது.

அம்மா அதன்பிறகு குசினி வாசலுக்கு வரவில்லை. படம் ஓடும்போது பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பாள். நான் போய்க் கதை சொன்னால் "தலவலிக்குது, போய் வெளையாடு" என்பாள். அப்பாவுக்கு மூன்று வேளையும் சாப்பாடு போட்டாள், உடுப்புத் தோய்த்தாள். அவரோடு சண்டை போட்டு நான் பார்க்கவில்லை. அப்பாவும் என்னோடு அதைப்பற்றிப் பேசவில்லை. ஏன் என்று கேட்கிற வயது எனக்கு வந்தபோது அவருக்குப் பாரிசவாதத்தில் பேச்சு விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கையை உருவிக்கொண்டேன். இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை.

போன மாதம், வெளிநாட்டில் இருக்கிற அக்கா அந்தப் பழைய கெசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் குடும்பக் குரூப்பில் போட்டிருந்தாள். "பெரிய பகிடி, எல்லாரும் பாருங்க" என்று கீழே எழுதியிருந்தாள். என் மகள் அதை டீவியில் போட்டாள். எருமைப் பாட்டுக்கு வயிறு குலுங்கச் சிரித்தாள். நானும் சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆறாவது தட்டுக்குப் பிறகு திரை இருண்டது, பிறகு வெளிச்சம் வந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு முதல் முரசு விழுவதற்கு முன்னால் நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுக்க நிறுத்தினேன். அப்பா வாய் திறந்து சிரித்தபடி, ஒரு ஓசையும் இல்லாமல் படியேறி வந்தார்.

"ஏம்மா, டீவி பழுதாப் போச்சா?" என்றாள் மகள்.

"இல்ல. தாத்தாவுக்குப் பாட்டுக் கெடையாது."